தூக்க முடியாத வண்டி வேண்டாம்



போன வாரம் நானும் உங்கள் டீச்சரம்மாவும் ஹெல்மெட்டோடு நிற்கிற படத்தைப் போட்டதிலிருந்து போன் ஓயவில்லை. "65 வயசுல இது தேவையா சார்?" என்று பாதிப் பேர். "சூப்பர் சார், என்ன வண்டி, என்ன விலை?" என்று மீதிப் பேர். என் தங்கை மட்டும் "அண்ணே, உனக்குக் கிறுக்குப் பிடிச்சிருச்சா?" என்று நேராகவே கேட்டுவிட்டாள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்ல முடியவில்லை. அதனால் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம்தான். வகுப்பில் நாற்பது நிமிடம் என்னைப் பொறுத்துக்கொண்டவர்கள், இதையும் பொறுத்துக்கொள்வீர்கள்.

இதில் இரண்டு பேரிடம் சொல்ல வேண்டிய விஷயமும் இருக்கிறது. ஒன்று என் மகனுக்கு. இன்னொன்று ஒரு மாணவனுக்கு.

முதலில் ஏன் வண்டி என்று சொல்லிவிடுகிறேன்.

அரிட்டாபட்டி டங்ஸ்டன் சுரங்கப் பிரச்சினை உங்களுக்கு நினைவிருக்கும். மேலூர்ப் பக்கத்து ஊர்க்காரர்கள் போராடி, 2025 ஜனவரியில் மத்திய அரசு அந்த ஏலத்தை ரத்து செய்தது. அந்தச் சமயத்தில் தினமும் டிவியில் அந்த மலையைக் காட்டினார்கள். தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலம் என்று 2022ல் அறிவிக்கப்பட்ட இடம். குடைவரைச் சிவன் கோயில், சமணர் படுக்கை, தமிழி எழுத்து என்று எல்லாம் இருக்கிற மலை. ஒன்பதாவது படிக்கும் என் பேத்தி, பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தவள், "தாத்தா, இதெல்லாம் நீங்க பாடம் நடத்துனதுதானே? போயிருக்கீங்களா?" என்று கேட்டாள்.

போனதில்லை.

32 வருடம் சமூக அறிவியல் நடத்தியவன் நான். மாங்குளம் மலையில் நெடுஞ்செழியன் பெயர் இரண்டாயிரம் ஆண்டுகளுக்கும் மேலாகக் கல்லில் இருக்கிறது என்று கரும்பலகையில் எத்தனை முறை எழுதியிருப்பேன்! அந்த மலை என் வீட்டிலிருந்து எட்டாத தூரமில்லை. அதைவிட வெட்கம், நான் அதிக காலம் வேலை பார்த்த பள்ளி விக்கிரமங்கலம் பக்கம். அங்கே உண்டாங்கல் என்ற குன்றிலும் தமிழிக் கல்வெட்டு இருக்கிறது. பள்ளிக்கூடம் விட்டால் நாலு மணி பஸ்ஸைப் பிடிக்கவே ஓடியிருக்கிறேன். ஒரு நாள்கூட அந்தக் குன்றில் ஏறியதில்லை.

அன்று ராத்திரி ஒரு தாளில் பட்டியல் போட்டேன். மாங்குளம், அரிட்டாபட்டி, கீழவளவு, கருங்காலக்குடி, திருவாதவூர், வரிச்சியூர், அழகர்மலை, ஆனைமலை, திருப்பரங்குன்றம், முத்துப்பட்டி, கொங்கர் புளியங்குளம், மேட்டுப்பட்டி, விக்கிரமங்கலம். எல்லாம் மதுரையைச் சுற்றி உள்ளவை. காலையில் கிளம்பினால் மத்தியானச் சோற்றுக்கு வீடு திரும்பிவிடலாம். ஆனால் பல இடங்களில் தார் ரோடு ஊர் எல்லையோடு நின்றுவிடும். அதற்கப்புறம் கண்மாய்க் கரை, செம்மண், சரளை, மழை பெய்தால் கரிசல் சேறு. கார் போகாது. என்னிடம் இருந்த பழைய ஸ்பிளெண்டர் போகும், ஆனால் இரண்டு பேரை வைத்துக்கொண்டு ஒவ்வொரு பள்ளத்திலும் அடி தட்டும். அவளுக்கு இடுப்பு வலி வேறு.

ஆக, தார் ரோட்டில் நூறு கிலோமீட்டர் களைப்பில்லாமல் ஓடி, கடைசி இரண்டு கிலோமீட்டர் மண் பாதையையும் சமாளிக்கிற வண்டி வேண்டும். இதற்கென்றே ஒரு வகை இருக்கிறது, 'அட்வென்ச்சர் டூரர்' என்று பெயர் என மகன்தான் பெங்களூரிலிருந்து சொன்னான். முன் சக்கரம் பெரிதாக இருக்கும், அடிப்பாகம் தரையிலிருந்து நன்றாக உயர்ந்திருக்கும், சஸ்பென்ஷன் நீளமாக வேலை செய்யும், ஹேண்டில் அகலமாக இருப்பதால் முதுகை நிமிர்த்தி உட்காரலாம். "அப்பா, எது வேணும்னு சொல்லுங்க. நான் வாங்கித் தர்றேன்" என்றான். பெற்ற மனது கரையாமல் இருக்குமா?

அதோடு அவனே ஒன்றைத் தேர்ந்தெடுத்தும் விட்டான். ராயல் என்ஃபீல்டு ஹிமாலயன் 450. நல்ல வண்டிதான், நம்ம சென்னைக்காரர்கள் செய்கிற வண்டி. 452 சிசி, 40 பிஎஸ் சக்தி, 17 லிட்டர் டேங்க். லடாக் வரைக்கும் ஆட்கள் ஓட்டிப் போகிறார்கள்.

நானும் மூன்று மாதம் யூடியூபே கதி என்று கிடந்தேன். பரீட்சைக்குப் படிக்கிற பையன் மாதிரி நோட்டுப் போட்டு எழுதினேன். கேடிஎம் 390 அட்வென்ச்சர், 46 பிஎஸ். டிவிஎஸ் அப்பாச்சி ஆர்டிஎக்ஸ் 300, 36 பிஎஸ். சுசுகி வி-ஸ்ட்ரோம் எஸ்எக்ஸ், 250 சிசி, 26.5 பிஎஸ். ஹீரோ எக்ஸ்பல்ஸ் 210. எல்லாவற்றையும் கட்டம் போட்டு, சக்தி அதிகமாக இருப்பதற்கு அதிக மார்க், டேங்க் பெரிதாக இருப்பதற்கு மார்க், இப்படிக் கூட்டிப் பார்த்தேன். என் கணக்கில் ஹிமாலயனும் கேடிஎம்மும்தான் முதல் ரேங்க்.

இதில் மனசு ஒரு பக்கம் டிவிஎஸ் பக்கமும் இழுத்தது. 1987ல் நான் வாங்கிய முதல் வண்டி டிவிஎஸ் 50. சம்பளத்தில் பிடித்துக் கட்டிய வண்டி. அந்த நிறுவனத்தின் வேரே நம்ம மதுரைதான், டி.வி.சுந்தரம் ஐயங்கார் பஸ் ஓட்டித் தொடங்கியது. மிதித்து ஸ்டார்ட் செய்கிற மொபெட் ஓட்டியவன், அதே கம்பெனியின் அட்வென்ச்சர் வண்டி ஓட்டினால் எப்படி இருக்கும் என்று ஓர் ஆசை.

ஆனால் என் நோட்டில் ஒரு கட்டத்துக்கு நான் மார்க்கே போடவில்லை. அந்தக் கட்டத்தின் தலைப்பு, 'எடை'.

மகனே, இனிமேல் உனக்கு.

நவம்பரில் நான் உன்னிடம் "ஒரு பெரிய வண்டி ஓட்டிப் பார்த்தேன், அருமையா இருந்துச்சு" என்று சொன்னேன் அல்லவா? அதில் பாதிதான் உண்மை. ஒரு பழைய மாணவர் தன்னுடைய வண்டியை நம்பி ஒரு காலை நேரத்துக்குக் கொடுத்தார். எந்த வண்டி என்று சொல்ல மாட்டேன், தப்பு வண்டி மேல் இல்லை. அம்மாவும் வருகிறேன் என்றாள். நாகமலைப் புதுக்கோட்டையில் நம் வீட்டிலிருந்து கீழக்குயில்குடிப் பக்கம் போனோம். ரோட்டில் வண்டி தேர் மாதிரி போயிற்று. 60 கிலோமீட்டர் வேகத்தில் அது இருக்கிறதே தெரியவில்லை. எனக்கு வயது இருபது குறைந்தது.

கண்மாய்க் கரையில் சரளை மண் பாதை ஒன்று பிரிந்தது. கொஞ்ச தூரம் போய், "போதும், திரும்பிருவோம்" என்று வண்டியை வளைத்தேன். நடந்து போகிற வேகம்கூட இல்லை. பாதி வளைவில் என்ஜின் அணைந்துவிட்டது. இடது காலை ஊன்றினேன். அந்தப் பக்கம் தரை நாலு விரற்கடை பள்ளம். கால் எட்டவில்லை. எட்டும் என்று நினைத்த இடத்தில் தரை இல்லாவிட்டால் எப்படி இருக்கும் என்பது விழுந்தவர்களுக்குத்தான் தெரியும். வண்டி மெல்லச் சாய்ந்தது. பிடித்துப் பார்த்தேன். பிடிக்க முடியவில்லை. மூன்று பேரும் படுத்துவிட்டோம், வண்டியையும் சேர்த்துச் சொல்கிறேன்.

எனக்கு ஒன்றுமில்லை. அம்மாவுக்கு முழங்கையில் சிராய்ப்பு, சேலை முந்தானை கிழிந்தது. அவள் எழுந்து மண்ணைத் தட்டிக்கொண்டு ஒரு கல்லில் உட்கார்ந்தாள். நான் வண்டியைத் தூக்கப் போனேன். முடியவில்லை. மறுபடி முயன்றேன். கை நடுங்கியது. ஆடு மேய்த்துக்கொண்டிருந்த இரண்டு பேர் வந்து தூக்கிக் கொடுத்தார்கள். "பெரியவரே, பாத்துப் போங்க" என்றார்கள். வைதிருந்தால்கூட அவ்வளவு வலித்திருக்காது.

அம்மா வெகுநேரம் பேசவில்லை. வீட்டுக்கு வந்து, கையில் மஞ்சள் வைத்துக் கட்டிக்கொண்டே சொன்னாள்: "வண்டியே வேணாம்னு நான் சொல்ல மாட்டேங்க. உங்க ஆசை எனக்குத் தெரியும். ஆனா தூக்க முடியாத வண்டி வேணாம். யாரும் இல்லாத காட்டுல விழுந்தா நாம ரெண்டு பேரும் என்ன செய்வோம்?"

32 வருடம் பாடம் நடத்தியவனுக்கு, மூன்று மாதம் நோட்டுப் போட்டவனுக்கு, தோன்றாத கேள்வி அது.

இதை உன்னிடம் மறைத்தது தப்புதான். சொன்னால் வண்டியே வேண்டாம் என்பாய் என்று பயந்தேன். மாணவரின் வண்டிக்கு லீவரும் கண்ணாடியும் மாற்றிக் கொடுத்துவிட்டேன். அவரும் உன்னிடம் சொல்ல மாட்டேன் என்று சொல்லிக் காப்பாற்றினார். அவரைக் கோபித்துக்கொள்ளாதே.

அந்த லீவர் மாற்றத்தான் தேனி ரோட்டில் இருக்கிற ஒரு ஒர்க்‌ஷாப்புக்குப் போனேன். கடைக்காரன் நிமிர்ந்து பார்த்துவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தான். "சார், என்னைத் தெரியுதா?"

தெரிந்தது. எட்டாம் வகுப்பு வரை என்னிடம் படித்தவன். பெயரைப் போடலாமா என்று கேட்டேன், வேண்டாம் என்று சிரித்தான்.

அவனுடைய கதையை அவன் படித்த வருடத்து ஆட்கள் சிலராவது அறிவீர்கள். அவனுக்கு எழுத்துக் கூட்டிப் படிக்க வராது. 'ன'வும் 'ண'வும் மட்டுமில்லை, பக்கத்து எழுத்துகளே இடம் மாறித் தெரியும். கணக்கை வாயால் கேட்டால் சொல்வான், எழுதச் சொன்னால் உட்கார்ந்துவிடுவான். டிஸ்லெக்ஸியா என்ற சொல்லை நாங்கள் ஆசிரியர் பயிற்சியில் கேள்விப்பட்டதில்லை. எங்களுக்குத் தெரிந்த சொல் 'படிப்பு ஏறாது'. எட்டாவது முடிந்தபோது அவன் அப்பாவைக் கூப்பிட்டு, "இவனுக்குப் படிப்பு ஏறாதுங்க, ஏதாவது ஒர்க்‌ஷாப்புல சேத்து விடுங்க" என்று சொன்னேன். நல்லது செய்வதாகவே நினைத்தேன்.

இப்போது மூன்று பையன்களை வைத்து வேலை வாங்குகிறான். என்ஜினுக்கு ஸ்கேனர் மாட்டிக் கோளாறு கண்டுபிடிக்கிறான். பழைய வண்டி வாங்கி விற்கவும் செய்கிறான்.

விழுந்த கதையைச் சொன்னேன். அவன் சிரிக்கவில்லை. "உங்க உயரம் என்ன சார்?" என்றான். ஐந்தடி ஐந்து அங்குலம். "எடை?" 64 கிலோ. "டீச்சரம்மா?" அதைக் கேட்டுச் சொல்கிறேன் என்றேன். (இன்னும் கேட்கவில்லை.)

பிறகு அவன் எனக்கு நடத்திய பாடத்தை அப்படியே எழுதுகிறேன். இந்த வகை வண்டி வாங்க நினைக்கிற எந்த வயதுக்காரருக்கும் உதவும்.

"சார், ஓடுற வண்டிக்கு எடை கிடையாது. நிக்கிற வண்டிக்குத்தான் எடை. எல்லாரும் வேகத்துல எப்படிப் போகுதுன்னு ஓட்டிப் பாக்குறாங்க. நிறுத்தி, இறங்கி, தள்ளி, திருப்பிப் பாக்க மாட்டேங்கிறாங்க. விழுறது முக்காவாசி நிக்கும்போதுதான்."

என் பழைய ஸ்பிளெண்டர் ஏறத்தாழ 110 கிலோ. ஹிமாலயன் 450, பெட்ரோலோடு 196 கிலோ. ஆர்டிஎக்ஸ் 180. வி-ஸ்ட்ரோம் எஸ்எக்ஸ் 167. எக்ஸ்பல்ஸ் 210ம் அதே அளவுதான். ஸ்பிளெண்டரிலேயே முப்பது வருடம் பழகிய உடம்புக்கு 196 என்பது, இன்னொரு ஆளைச் சேர்த்துத் தூக்குவது மாதிரி.

அடுத்தது சீட் உயரம். ஹிமாலயன் 825 மில்லிமீட்டர், வி-ஸ்ட்ரோமும் ஆர்டிஎக்ஸும் 835. என் உயரத்துக்கு எதிலும் இரண்டு பாதமும் முழுதாகப் பதியாது. "பரவாயில்ல சார், ஒரு பாதம் முழுசாப் பதிஞ்சாப் போதும். ஆனா எந்தக் கால்ங்கிறதுதான் விஷயம்" என்றான். நம் ரோடுகள் நடுவில் மேடாக, ஓரத்தில் சரிவாக இருக்கும். நாம் இடது பக்கம் போகிறவர்கள். ஓரமாக நிறுத்தினால் இடது காலுக்குத்தான் பள்ளம். உயரமான வண்டியில், சரிவு எந்தப் பக்கம் என்று பார்த்து, மேட்டுப் பக்கத்துக் காலை ஊன்ற வேண்டும். வலது காலை ஊன்றினால் பின் பிரேக்கில் கால் இருக்காது, அதனால் கைப் பிரேக்கைப் பிடித்து நிற்கப் பழக வேண்டும். இத்தனை வருடம் வண்டி ஓட்டியும் இதை நான் யோசித்ததே இல்லை. நான் விழுந்ததும் இதனால்தான்.

மூன்றாவது, பின்னால் உட்காருகிறவர். "சார், நீங்க உங்க காலை மட்டும் பாத்தீங்க. அம்மா எப்படி ஏறுவாங்கன்னு பாத்தீங்களா?" இந்த வண்டிகளில் பின் சீட் இன்னும் உயரம். சேலை கட்டி ஒருபக்கமாக உட்கார்ந்து மண் பாதையில் போவது ஆபத்து, எடை ஒரு பக்கமே இருக்கும். இரண்டு பக்கமும் கால் போட்டு உட்கார வேண்டும். முழங்கால் வலிக்காரர் அந்த உயரத்துக்குக் காலைத் தூக்கிப் போட வேண்டும்.

நான்காவது, டயர். ஸ்போக் சக்கரம் கல்லில் அடி தாங்கும், ஆனால் உள்ளே டியூப் இருந்தால் காட்டில் பஞ்சர் ஆகும்போது சக்கரத்தையே கழற்ற வேண்டும். டியூப்லெஸ் என்றால் நின்ற இடத்திலேயே ஒட்டிக் காற்றடித்துக்கொண்டு வந்துவிடலாம். "நீங்க இமயமலைக்குப் போகல சார். மேலூருக்குப் போறீங்க" என்றான்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை டீச்சரம்மாவையும் கூட்டி வரச் சொன்னான். கடைக்குப் பின்னால் மணல் கொட்டிய இடத்தில் பழைய டயர்களைப் பரப்பி, தன்னிடம் விற்பனைக்கு இருந்த இரண்டு வண்டிகளை மெல்லச் சாய்த்துப் படுக்க வைத்தான். ஒன்று பழைய ஹிமாலயன் 411, 199 கிலோ. இன்னொன்று 2023 மாடல் வி-ஸ்ட்ரோம் எஸ்எக்ஸ்.

"தூக்குங்க சார்."

குனிந்து ஹேண்டிலைப் பிடித்து இழுத்தேன். அசையவில்லை.

"இடுப்பு போயிரும் சார், அப்படி வேணாம்." செய்து காட்டினான். வண்டிக்கு முதுகைக் காட்டி நிற்க வேண்டும். ஹேண்டிலைத் தரைப் பக்கம் முழுக்கத் திருப்பிக்கொள்ள வேண்டும். சீட்டின் ஓரத்தில் பின்பக்கத்தை முட்டுக் கொடுத்து உட்கார்ந்து, ஒரு கையால் கீழே இருக்கிற கைப்பிடி, மறு கையால் பின்கம்பி. முதுகு நேராக. காலால் தரையை உந்தி, சிறு சிறு அடியாகப் பின்னால் நடக்க வேண்டும். முக்கியமாக, வண்டியைக் கியரில் போட்டுவிட வேண்டும், உருளாது. வலது பக்கம் விழுந்திருந்தால் முதலிலேயே சைடு ஸ்டாண்டை இழுத்து விட்டுக்கொள்ள வேண்டும், இல்லாவிட்டால் தூக்கிய வேகத்தில் மறுபக்கம் சாய்ந்துவிடும்.

முதல் தடவை முடியவில்லை. "இன்னொரு தடவை சார்." இரண்டாவது தடவை பாதி வந்து இறங்கிவிட்டது. பையன்கள் வேலையை விட்டுவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வியர்த்துக் கொட்டியது. அவமானமாக இருந்தது. "அவசரமில்ல சார். கால் வைக்கிற இடம் மாறுது, அவ்வளவுதான். வரும்." அவன் பையன்களைப் பார்த்து "போய் வேலையைப் பாருங்கடா" என்று உள்ளே அனுப்பிவிட்டான்.

நாலாவது தடவை வி-ஸ்ட்ரோம் எழுந்து நின்றது. மூச்சு வாங்கிவிட்டு மறுபடி தூக்கினேன். வந்தது. ஹிமாலயனை ஆறு தடவை முயன்று ஒரு தடவை தூக்கினேன். "ஒரு தடவைங்கிறது கணக்கில்ல சார்" என்றான். அதுவும் சரிதான். காட்டில் விழுந்தால் ஆறு வாய்ப்புக் கிடைக்காது.

டீச்சரம்மா அதற்குள் நின்றுகொண்டிருந்த வண்டிகளில் எல்லாம் ஏறிப் பார்த்துவிட்டாள். கையோடு ஒரு சுடிதார் கொண்டு வந்து கடைக்காரன் வீட்டில் மாற்றிக்கொண்டிருந்தாள். 61 வயதில் முதல்முதலாக! "மகளோடது. சிரிக்காதீங்க" என்றாள். நான் சிரிக்கவில்லை. பெரிய வண்டியில் ஏறி உட்கார்ந்து "மச்சுல ஏறுன மாதிரி இருக்கு" என்றாள். வி-ஸ்ட்ரோமில் உட்கார்ந்து, பின்கம்பியைப் பிடித்துப் பார்த்து, "இது திண்ணை உசரம்தான். ஒரு முக்காலி இருந்தாப் போதும்" என்றாள்.

அத்தோடு முடிவாகிவிட்டது. டிவிஎஸ் ஆசையைப் பற்றி அவனிடம் சொன்னேன். "நல்ல வண்டி சார், எனக்கே பிடிக்கும். ஆனா புதுசு வாங்கணும், எடையும் 13 கிலோ கூட. உங்க டிவிஎஸ் 50 ஞாபகத்துக்காக வாங்காதீங்க, உங்க முழங்காலுக்காக வாங்குங்க" என்றான். விலையும் ஒரு காரணம். 2025 செப்டம்பர் ஜிஎஸ்டி மாற்றத்துக்குப் பிறகு 350 சிசிக்கு உட்பட்ட வண்டிகளுக்கு வரி 28லிருந்து 18 சதவீதமாகக் குறைந்தது, அதற்கு மேலே 40 சதவீதம் ஆனது. ஹிமாலயன் 450 மூன்று லட்சத்தைத் தாண்டிவிட்டது. வி-ஸ்ட்ரோம் புதிதே இரண்டு லட்சத்தை ஒட்டித்தான், இது பழையது. என் பென்ஷன் பணத்திலேயே வாங்கிவிட்டேன். மகனே, உன் பணத்தை வேண்டாம் என்று சொன்னதற்கு வருத்தப்படாதே. இரண்டு பேருக்கும் நல்ல ஹெல்மெட்டும், முழங்கை முழங்கால் காப்பும் உன் கணக்கில் வாங்கிக்கொள்கிறேன். அம்மாவின் சிராய்ப்பைப் பார்த்த பிறகு அதுதான் பெரிய செலவாக எனக்குப் படுகிறது.

சீட் தைப்பவரிடம் கொடுத்து ஃபோமில் ஓர் அங்குலம் வெட்டிக் குறைத்தோம், முன் சீட்டில் மட்டும். இப்போது ஒரு பாதம் முழுக்கப் பதிகிறது. 55 வயதுக்குப் பிறகு லைசென்ஸை ஐந்து வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும், அதையும் மருத்துவர் சான்றோடு முடித்தேன். கண் சோதனையில் பாஸ்.

டிசம்பர் முழுவதும் ஞாயிற்றுக்கிழமை காலைகளில் ஒரு காலி மைதானத்தில் எனக்கு வகுப்பு. நடக்கிற வேகத்தில் எட்டுப் போடுவது. கிளட்ச்சைப் பாதி பிடித்து, பின் பிரேக்கை லேசாகத் தொட்டு, பார்வையைச் சக்கரத்தில் வைக்காமல் போக வேண்டிய இடத்தில் வைப்பது. சரளையில் முன் பிரேக்கை வெடுக்கென்று பிடிக்காமல் இருப்பது. எனக்கு அந்த எட்டு வரவே இல்லை. மூன்று வாரம் வரவில்லை. ஒவ்வொரு தடவையும் உள்ளங்காலைத் தரையில் வைத்துவிடுவேன். இருபது தடவை சொன்னதையே இருபத்தொன்றாவது தடவையும் முதல் தடவை சொல்கிற மாதிரியே சொன்னான்.

அப்படி ஒரு ஞாயிற்றுக்கிழமை, களைத்துப்போய் வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருந்தோம். அவன் ஏதோ போல்ட்டை இறுக்கிக்கொண்டிருந்தான். நான் கேட்டுவிட்டேன். "உங்க அப்பாகிட்ட அன்னைக்கு நான் சொன்னேனே, ஞாபகம் இருக்காப்பா?"

"இருக்கு சார்."

"தப்பாச் சொல்லிட்டேனா?"

அவன் ஸ்பேனரை எடுக்காமலே சொன்னான். "ஒர்க்‌ஷாப்புல சேத்தது தப்பில்ல சார். எனக்கு இந்த வேலை பிடிக்கும். ஒண்ணு மட்டும்தான். என்னைய வெளிய அனுப்பிட்டுச் சொல்லியிருக்கலாம். நான் பக்கத்துலதான் நின்னேன்."

எனக்கு அது நினைவில்லை. அவன் அங்கே நின்றது எனக்கு நினைவே இல்லை. எத்தனை பேருடைய அப்பாக்களிடம், எத்தனை பேர் பக்கத்தில் நிற்கும்போது சொல்லியிருக்கிறேனோ. பையன்களை உள்ளே அனுப்பிவிட்டு எனக்கு வண்டி தூக்கச் சொல்லிக் கொடுத்தான் அல்லவா, அது அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

"மன்னிச்சிருப்பா" என்றேன். "விடுங்க சார். வாங்க, எட்டுப் போடலாம்" என்றான். அன்றைக்கும் எட்டு வரவில்லை. அதற்கு அடுத்த வாரம் வந்தது.

இதைப் படிக்கிற மாணவர்களில் வேறு யாருக்காவது அப்படி நான் சொன்னது நினைவிருந்தால், உங்களிடமும் கேட்டுக்கொள்கிறேன். நேரில் சொல்ல வேண்டுமானால் நானே வருகிறேன். இப்போதுதான் எங்கும் வர வண்டி இருக்கிறதே.

தைப் பொங்கல் முடிந்த மறு வாரம் முதல் பயணம். அரிட்டாபட்டிக்குத்தான் போவதாக இருந்தது. கிளம்பும்போது மனசு மாறி, செக்கானூரணி வழியாக விக்கிரமங்கலத்துக்கு விட்டேன். 32 வருடக் கடனை முதலில் தீர்க்க வேண்டும் அல்லவா? கடைசி மண் பாதையில் ஓர் இடத்தில் தண்ணீர் அரித்த பள்ளம். நிறுத்தி, டீச்சரம்மாவை இறக்கிவிட்டு, மேட்டுப் பக்கத்துக் காலை ஊன்றி, மெல்லத் தாண்டினேன். அவள் நடந்து வந்து, பாதை ஓரக் கல்லில் ஏறி நின்று, என் தோளைப் பிடித்து ஏறிக்கொண்டாள். முக்காலிக்கு வேலை இல்லை.

உண்டாங்கல்லில் பாறைக்குக் கீழே வழுவழுப்பான கல் படுக்கைகள். தலைமாட்டில் மேடு வைத்துச் செதுக்கியிருக்கிறார்கள். எழுத்துகளைத் தேடிக் கண்டுபிடிக்கவே நேரமானது. கரும்பலகையில் நான் எழுதிக் காட்டியதைவிட ரொம்பச் சின்னவை. வெயில் சாய்ந்து விழுந்தால்தான் கண்ணுக்குத் தெரிகின்றன. டீச்சரம்மா கையால் தொடாமல் பக்கத்தில் குனிந்து பார்த்துவிட்டு, "இவ்வளவு கிட்ட இருந்துச்சாங்க?" என்றாள். பள்ளிக்கூடத்து ஓடு அங்கிருந்து தெரிகிறதா என்று பார்த்தேன். மரம் மறைக்கிறது.

படம் எடுத்துப் பேத்திக்கு அனுப்பினேன். "தாத்தா, அடுத்து என்னையும் கூட்டிட்டுப் போங்க" என்று பதில். வண்டியில் மூன்று பேர் கூடாது என்று பதில் அனுப்பியிருக்கிறேன். டீச்சரம்மா விட்டுக் கொடுப்பாளா என்று தெரியவில்லை.

வண்டி வாங்க நினைக்கிற பிள்ளைகளுக்குச் சுருக்கமாக: எத்தனை பிஎஸ் என்று கடைசியில் பாருங்கள். முதலில் உட்கார்ந்து பாருங்கள், இறங்கித் தள்ளிப் பாருங்கள், சரிவில் நிறுத்திப் பாருங்கள். பின்னால் உட்காரப் போகிறவரைக் கூட்டிக்கொண்டு போய் அவரை ஏறி இறங்கச் சொல்லுங்கள். தூக்கத் தெரிந்த ஒருவரிடம் தூக்கக் கற்றுக்கொள்ளுங்கள். உங்களால் தூக்க முடிந்தால் ஹிமாலயனே வாங்குங்கள், அது அருமையான வண்டி. இரண்டு பேரும் ஹெல்மெட் போடுங்கள்.

அடுத்த ஞாயிறு மாங்குளம். மலை ஏற்றம் அதிகம் என்கிறார்கள், அது காலால் ஏறுவது, வண்டியால் இல்லை. வருகிறவர்கள் காலை ஆறு மணிக்கு ஒத்தக்கடையில் டீக்கடைப் பக்கம் நில்லுங்கள். டீ என் செலவு. தண்ணீர் பாட்டில் கொண்டு வாருங்கள், காலி பாட்டிலைத் திரும்ப எடுத்து வர வேண்டும், பாறையில் பெயர் எழுதக் கூடாது. பள்ளிக்கூடத்துச் சுற்றுலாவுக்குச் சொன்ன அதே விதிகள்தான்.

என்றும் அன்புடன்,
உங்கள் சார்
நாகமலைப் புதுக்கோட்டை, மதுரை